முன் சீட்டுல எழுபத்தோரு கிலோ

அதிகாரிங்க கேட்டா உண்மையைச் சொல்லிடு, ஆனா... அப்படின்னு எங்க பெரியப்பா ஒண்ணு சொல்வாரு சார். அந்த ஆனாவுக்கு அப்புறம் என்னமோ வரும். அதுதான் முக்கியமான பாதி. அது எனக்கு மறந்துபோச்சு. ஞாபகம் இருக்கிற பாதியை வெச்சுக்கிட்டு நான் பேசறேன், நீங்க கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

ஆமா சார், அரிசிதான். இல்லைன்னு நான் சொல்லவே இல்லையே. பொன்னி. புழுங்கல். மூட்டைக்குப் புடவை சுத்தினது தப்பு, ஒத்துக்குறேன். புடவை சுத்தி, மேல ஸ்கார்ஃப் கட்டி, அதுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டினது அதைவிடப் பெரிய தப்பு. வெறும் சாக்கா வெச்சா இந்த செக்போஸ்ட்டுல உங்க ஆளுங்க நிறுத்துவாங்கன்னு பயந்து செஞ்சேன். பொம்பளை உக்காந்திருந்தா நிறுத்த மாட்டாங்கன்னு ஒரு கணக்கு. உங்க ஆளு கிட்ட வந்து, அம்மா கொஞ்சம் எறங்குங்கன்னு மூணு தடவை மரியாதையாச் சொன்னாரு பாருங்க, அப்பவே நான் வாயைத் திறந்திருக்கணும். எப்படித் திறக்கறதுன்னு தெரியல சார்.

அண்ணே, அண்ணே, அந்தக் குத்தூசியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கங்க. சாம்பிள் வேணும்னா வாயைப் பிரிச்சு ஒரு பிடி அள்ளிக்கங்க. ஊசி விட்டா அந்த ஓட்டை வழியா போற வழியெல்லாம் கொட்டிக்கிட்டே இருக்கும். கரெக்டா எழுபத்தோரு கிலோ பிடிச்சு வெச்சிருக்கேன். அறுபத்தொம்போது ஆச்சுன்னா வண்டி என் பேச்சைக் கேக்காது.

கடத்தலா? நீங்களே சொல்லுங்க சார், கடத்துறவன் செங்கல்பட்டுப் பக்கத்துலேருந்து மெட்ராஸுக்குக் கொண்டு போவானா, மெட்ராஸ் பக்கத்துலேருந்து மதுராந்தகத்துக்குக் கொண்டு போவானா? ஏரிக்கரை முழுக்க நெல்லு விளையற ஊருக்கு நான் தாம்பரம் மண்டியிலேருந்து அரிசி கடத்துறேன். கொல்லன் தெருவுல ஊசி விக்கிறவன்கூட என்னைப் பாத்துச் சிரிப்பான். அப்படியே கடத்தினாலும் கூரை இல்லாத காருல, முன் சீட்டுல வெச்சா கடத்துவேன்? டிக்கி காலியாத்தான் சார் இருக்கு. திறந்து பாருங்க. அது ஜாக்கி. அது மரக்கட்டை. அது நூல்கண்டு. எல்லாத்துக்கும் காரணம் இருக்கு, சொல்றேன்.

மணி எவ்ளோ சார் ஆச்சு? பத்தே முக்காலா? நான் பன்னெண்டரைக்குள்ள மதுராந்தகம் போய்ச் சேரணும். என் ஒய்ஃப் ஞானஜோதி அங்க அவங்க அண்ணன் வீட்டுல இருக்கா. மூணு வாரமா இருக்கா. பன்னெண்டரை பஸ் ஏறி திருச்சிக்கு, எங்க பொண்ணு வீட்டுக்குப் போறான்னு மச்சான் நேத்து ட்ரங்க் கால் போட்டுச் சொன்னாரு. பெரிய பெட்டியோட போறாளாம். பெரிய பெட்டின்னா இப்போதைக்குத் திரும்பற உத்தேசம் இல்லைன்னு அர்த்தம். பஸ் ஏறுறதுக்குள்ள நான் போய்க் கூட்டிட்டு வந்துடணும்.

சண்டை எல்லாம் இல்ல சார். சண்டைன்னா பரவால்ல, ரெண்டு பேரும் கத்திட்டு சாப்பிடப் போயிருப்போம்.

அரிசிக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தமா? ரெண்டு பேரும் ஒரே எடை சார்.

சிரிக்காதீங்க. அண்ணே, நீங்களும்தான். இது சயின்ஸு.

என் பேரு சவுரிமுத்து. அஸ்தினாபுரம். குவைத்துல ஒரு கம்பெனி ஸ்டோர்ஸ்ல பதினேழு வருஷம் இருந்துட்டு, மூணு வருஷம் முன்னாடி ஊரோட வந்துட்டேன். அங்க ரோடு எப்படின்னா, ஸ்கேல் வெச்சுக் கோடு கிழிச்ச மாதிரி இருக்கும் சார். ஸ்டியரிங்கைப் பேருக்குத் தொட்டுக்கிட்டு இருந்தாப் போதும். வளைவும் கிடையாது, மாடும் கிடையாது, யாரும் கிடையாது. பதினேழு வருஷம் அப்படி நேராவே போயிட்டு வந்தவனுக்கு, வண்டின்னா நேராப் போகணும்னு ஒரு வியாதி வந்துடுச்சு.

இந்த வண்டி பல்லாவரத்துல ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர்கிட்ட இருந்துச்சு. இங்கிலீஷ் வண்டி, அறுபத்தொண்ணு மாடல், ரெண்டே சீட்டு, துணிக் கூரை. அவர் ஆஸ்திரேலியாவுக்கு மகன்கிட்ட கிளம்பினாரு. சாவியைக் கொடுக்கறப்போ, ஹைவேயில கொஞ்சம் இழுக்கும், பாத்துக்கோன்னு சொன்னாரு. கொஞ்சமா? மீட்டர்ல மைல் கணக்குதான் சார், முப்பத்தஞ்சு வரைக்கும் சாது. நாப்பதைத் தொட்டா வலது பக்கம் போக ஆரம்பிக்கும். எதிர்ல வர்ற லாரிக்காரன் ஒவ்வொருத்தனையும் நின்னு குசலம் விசாரிச்சுட்டுத்தான் போவேன்னு அடம் பிடிக்கும். நான் இடது பக்கம் இழுப்பேன், அது வலது பக்கம் இழுக்கும். பெருங்களத்தூர் போறதுக்குள்ள எனக்குத் தோள்பட்டை கழண்டுடும்.

இதுல ஒரு அதிசயம் கேளுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை ஜோதியைப் பக்கத்துல உக்கார வெச்சு வண்டலூர் தாண்டறேன். ஐம்பது மைல் வேகம். வண்டி தண்டவாளத்துல போற மாதிரிப் போகுது! அவ பயந்துபோய் ஜெபமாலை உருட்டிக்கிட்டு வந்தா. நான் நெனச்சேன், இது மாதாவோட கிருபைன்னு. மறுநாள் தனியாப் போறப்போ அவ ஜெபமாலையைக் கடன் வாங்கிக் கண்ணாடியில தொங்க விட்டேன். வண்டி வலது பக்கம் போச்சு. ஜெபமாலையும் வலது பக்கம்தான் சாஞ்சு தொங்குச்சு.

பக்கத்து வீட்டு சிட்டிபாபு வந்து, உங்க வழக்கம் இல்லாட்டியும் பரவால்ல சார்னு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாரு. மூணு நசுங்குச்சு. வலது முன் சக்கரத்துப் பழம் நசுங்காம வழுக்கிக்கிட்டு ஓடி சாக்கடையில விழுந்துடுச்சு. பாத்தீங்களா, அந்தப் பக்கம்தான் கோளாறுன்னு அவர் சொல்ல, எனக்கும் ஒரு நிமிஷம் சரின்னுதான் பட்டுச்சு. படிச்சவன் சார் நான்.

கடைசியா ஏசுபாதத்துக்கிட்ட போனேன். அஸ்தினாபுரத்துலயே ஷெட்டு வெச்சிருக்கற மெக்கானிக். எல்லாரும் பானெட்டைத் தூக்குவாங்க, அவன் தூக்கலை. என்னை உள்ள உக்காரச் சொல்லிட்டு, இருபது அடி பின்னாடி போய்க் குத்த வெச்சு உக்காந்து, பீடி ஒண்ணு முழுசாக் குடிச்சுக்கிட்டே வண்டியோட பின்பக்கத்தையே பாத்தான். அப்புறம் சொன்னான்: சார், உன் பக்கம் ரெண்டு விரக்கடை தாழ்ந்துகினு கீது. அந்தாண்ட பக்கம் தூக்கிகினு கீது. அப்பால எப்டி நேரா போவும்? அம்மா குந்துனா லெவலு. அவ்ளோதான் மேட்டரு, இன்னா?

அதாவது சார், சக்கரத்துக்கு மேல பட்டை பட்டையா அடுக்கி வெச்ச ஸ்பிரிங் இருக்கும், மாட்டு வண்டியில வில்லு மாதிரி. வலது பக்கத்துப் பட்டை தளர்ந்துபோய் உக்காந்துடுச்சு. ஏன்னா இருபது வருஷமா ஒரே ஆளு, ஓட்டுறவன் மட்டும், தனியாவே உக்காந்து ஓட்டியிருக்கான். பக்கத்துல ஆளே இல்ல. அந்தப் பெரியவருக்குச் சம்சாரம் இல்லைன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஏசுபாதம் அதைப் பட்டையைப் பாத்தே சொல்லிட்டான்.

சரி பண்ணுடான்னேன். பாக்கலாம் சார்னான். அந்தப் பாக்கலாம் ரெண்டு வருஷம் ஓடுச்சு. அதுவரைக்கும் ஹைவேயில போகணும்னா ஜோதி வேணும். எனக்கோ வாரத்துக்கு ஒரு தடவையாவது ஐம்பது மைல் வேகம் போகாட்டி கை நமநமங்கும். அதனால ஞாயிறானா பூசை முடிஞ்சதும் கிளம்பிடுவோம். ஒரு வாரம் மாமல்லபுரம், ஒரு வாரம் மச்சான் வீடு, ஒரு வாரம் சும்மா செங்கல்பட்டு வரைக்கும் போய் காபி குடிச்சுட்டு வர்றது. அவளும் சளைக்காம வந்தா. இந்த ஸ்கார்ஃபு, கூலிங் கிளாஸ் எல்லாம் அதுக்குன்னே பாண்டி பஜார்ல வாங்கினது. பதினேழு வருஷம் லெட்டர்லயே குடும்பம் நடத்தினவங்க சார் நாங்க. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லுவாளாம்: அவருக்கு நான் இல்லாம தாம்பரம் தாண்ட மனசு வராது.

அது உண்மைதான். மனசு வேற, ஸ்பிரிங் வேறன்னு நான் விளக்கலை.

இல்ல சார், அது அப்போ தெரியல அவளுக்கு. எடை பாத்தப்போதான் தெரிஞ்சுது. ஏசுபாதம் வேலையில எறங்கினான், போன தைக் கடைசியில. எடுத்த எடுப்புல கேட்டான், அம்மா எவ்ளோ கிலோ? அதை எப்படி சார் கேக்கறது? கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம், அந்தக் கேள்வியை நான் கேட்டதில்ல. கேக்காததாலதான் இருபத்தாறு வருஷம். அதனால தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன், தெரிஞ்சவரை வழியனுப்பணும்னு பொய் சொல்லி. அங்க லைட்டு எரியற எடை மெஷின் இருக்கே, ஏறு ஜோதி, ஜோசியம் வரும்னேன். ஏறினா. சக்கரம் சுத்தி அட்டை விழுந்துச்சு. ஒரு பக்கம் எழுபத்தொண்ணு. மறுபக்கம், உங்கள் பொறுமைக்கு ஏற்ற பரிசு கிடைக்கும். அவளுக்கு அந்தப் பக்கம் பிடிச்சுப்போச்சு, பைபிள்ல வெச்சுக்கறேன் கொடுங்கன்னா. எனக்கு இந்தப் பக்கம் வேணும். ஒரே அட்டை. நான் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன்.

மறுநாள் அவ காபி கொண்டுட்டு ஷெட்டுப் பக்கம் வந்தா. ஏசுபாதம் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருப்பானா? அம்மா, நீ எழுபத்தொண்ணா, பாத்தா தெர்லயே, நீ குந்துனாத்தான் வண்டி நேரா போவுதாம், சாரு சொன்னாரு, இனிமே உனுக்கு ரெஸ்ட்டும்மா, நான் மூட்டைய வெச்சுக்கறேன்னான். அவ என்னைப் பாத்தா. அப்புறம் சிரிச்சா. அப்படியா, நான் வெறும் எடைக்கல்லான்னு கேட்டுட்டு டம்ளரை எடுத்துட்டுப் போயிட்டா. நல்லா சிரிச்சுக்கிட்டேதான் சார் போனா. நானும் அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

மூட்டை கதைதானே கேட்டீங்க, வர்றேன். முதல்ல மணல் மூட்டை வெச்சோம். சரிப்படலை. மணல் பொணம் மாரி குந்திகினு கீது சார், திருப்பத்துல அசையவே மாட்டேங்குது, மனுசன் அப்டியா குந்துவான்னு ஏசுபாதம் தள்ளிட்டான். தவிடு வெச்சோம், பறந்து என் மூக்குல ஏறுச்சு. அரிசிதான் சரின்னான். அரிசி வண்டி திரும்பறப்போ கொஞ்சம் சரியும், நேரானதும் தானா வந்து உக்காந்துக்கும். பொம்பளைங்க புடவையை இழுத்து விட்டுக்கற மாதிரின்னு அவன் கண்டுபிடிப்பு. புழுங்கல்தான் ஒத்துவரும், பச்சரிசி வழுக்குமாம். நீங்க அரிசி டிபார்ட்மெண்ட்டு, இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் நாலு மாசம் சார். எங்க வீட்டுப் பின்னாடி ரெண்டு தென்னை மரத்துக்கு நடுவுல வண்டியை நிறுத்தி, இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் இழுத்துக் கட்டி, சக்கரம் எவ்ளோ உள்வாங்கியிருக்கு, எவ்ளோ வெளிய தள்ளியிருக்குன்னு ஸ்கேல் வெச்சு அளப்பான். ஜோதி ஒருநாள் அந்த நூல்ல என் பனியனைக் காயப்போட்டுட்டா. அன்னிக்கு எடுத்த அளவு பூரா வேஸ்ட்டு. வலது பக்கத்துப் பட்டையைக் கழட்டி, லாரிப் பட்டை அடிக்கிற பட்டறையில கொடுத்து, நெருப்புல போட்டு மறுபடி வளைச்சான். பட்டை முனையில வர்ற ரப்பர் புஷ் எல்லாம் கிண்டி எஸ்டேட்ல சொல்லிப் புதுசாச் செஞ்சான். ஆட்டத்தைத் தாங்கற ஷாக்குல எண்ணெய் மாத்தினான், விளக்கெண்ணெய் கலந்து. எவ்ளோ கலந்தான்னு கேட்டா சொல்ல மாட்டான், தொழில் ரகசியம். வண்டி ரெண்டு நாளைக்கு மாட்டாஸ்பத்திரி மாதிரி மணந்துச்சு.

ராத்திரி கனவுல கூட நூல்தான் சார். சாப்பிடறப்போ தட்டை நேரா வெச்சிருக்காளான்னு பாப்பேன். ஜோதி என்னமோ சொல்லிக்கிட்டே பரிமாறுவா. பொண்ணு லெட்டர் போட்டிருக்கா, மாசமா இருக்கா, அப்படி ஏதோ. நான் ம்னு சொல்லிட்டு, ஜோதி, இடது பக்கம் கால் அங்குலம் ஜாஸ்தியோன்னு கேப்பேன்.

சோதனை எப்படின்னா, நாப்பத்தஞ்சு மைல் வேகத்துல ரெண்டு கையையும் விட்டுட்டு எண்ணணும். வலது பக்கம் போற வரைக்கும். முதல்ல மூட்டை இல்லாம, ரெண்டு எண்ணறதுக்குள்ள லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். அடுத்த மாசம் நாலு. அப்புறம் ஆறு. ஜூன் மாசம் ஒருநாள் காலையில, தனியா, மூட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல, இதே ரோட்டுல பத்து எண்ணினேன் சார். பதினஞ்சு எண்ணினேன். வண்டி அப்படியே போகுது, குவைத்து மாதிரி. ஒரு ஆள் உக்காந்தாலும் ஒண்ணு, ரெண்டு ஆள் உக்காந்தாலும் ஒண்ணு. பட்டை, புஷ், ஷாக் எல்லாம் ஒத்துமையாயிடுச்சு. நான் ஏசுபாதத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அவன் சட்டைக் கிரீஸ் என் சட்டையில இன்னும் போகலை.

என்ன சார்?

இல்ல, கேள்வி புரியுது.

தனியாப் போனாலே நேராப் போகுதுன்னா, இப்ப எதுக்கு மூட்டைன்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி சார். நீங்க இந்த டிபார்ட்மெண்ட்டுல இருக்க வேண்டிய ஆளே இல்ல. சிட்டிபாபுவுக்குக் கூட இது தோணலை.

முன் சக்கரம் ரெண்டும் லேசா உள்பக்கம் பாத்து இருக்கணும் சார், பதினாறுல ஒரு பங்கு அங்குலம். அதுக்குப் பேரு... சரி. சரி சார். அதைக் கேக்கலை நீங்க.

பில்லு வீட்டுல இருக்கு. மண்டியில ரத்தினம்னு கேட்டா சொல்லுவாரு. இல்ல சார், மேலதிகாரி மூணு மணிக்கு வர்ற வரைக்கும் மூட்டையை எறக்கி வைக்கணும்னா எப்படி? மூட்டை இல்லாம நான் வண்டியை எடுத்தா நேரா எதிர் லாரிக்குள்ள போயிடுவேன். ஆமா, இப்போ மறுபடி இழுக்குது. முன்னைவிட ஜாஸ்தியா இழுக்குது. போன வாரம்தான் இழுக்கற மாதிரிப் பண்ணச் சொன்னேன்.

நான்தான் சொன்னேன். ஏசுபாதம் அழுதுட்டான் சார். நாலு மாசம் நோன்பு கெடந்து நிமித்தினேன், இன்னா சார் பேஜார் பண்றே, புத்தி கித்தி பிசகிச்சான்னு ஸ்பானரைத் தூக்கிப் போட்டான். அந்தப் பட்டையைப் பழையபடி உக்கார வைன்னேன். எழுபத்தோரு கிலோ பக்கத்துல இருந்தாத்தான் நேராப் போகணும், எறங்கிட்டா அந்த நிமிஷமே எனக்குத் தெரியணும்னேன். அம்மா இல்லாம எப்டி செட்டு பண்றதுன்னான். பழைய மூட்டையைக் கொண்டு வந்து வெச்சோம். இன்னிக்கு மூட்டையோட மதுராந்தகம் போய், மூட்டையை மச்சான் வீட்டுல எறக்கிட்டு, அந்த எடத்துல ஜோதியை உக்கார வெச்சுக் கூட்டிட்டு வர்றதுன்னு பிளான்.

ஏன்னா சார்... அண்ணே, அந்தத் தண்ணிய இப்படிக் கொடுங்க.

மூணு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை. மச்சான் வீட்டுக்குக் கிளம்பினோம். கிளம்பறப்பவே கேட்டா, இப்பதான் வண்டி தானாப் போகுதே, நான் எதுக்குன்னு. வா, வந்து பாரு, எப்படிப் போகுதுன்னு பாருன்னு கூப்பிட்டேன். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ரோட்டோரமா நுங்கு வெட்டிக்கிட்டு இருந்தான். நிறுத்துங்க, அண்ணனுக்கு வாங்கிட்டுப் போலாம்னா. நிறுத்தினேன். அவ எறங்கினா. நானும் எறங்கி, ஸ்கேலை வெச்சுப் பின் சக்கரத்து உயரம் பாத்தேன். ரெண்டு பக்கமும் ஒரே அளவு, நூலிழை வித்தியாசம் இல்ல. அந்த சந்தோஷத்துலயே ஏறி உக்காந்து கிளப்பிட்டேன்.

கூரை கிடையாது, காத்து சத்தம், ஒண்ணும் காதுல விழாது. நான் பேசிக்கிட்டே போறேன். புஷ் எப்படிச் செஞ்சான், விளக்கெண்ணெய் எவ்ளோ கலந்திருப்பான், எல்லாம் சொல்றேன். நடுவுல, உனக்குக் கஷ்டம் கொடுத்துட்டேன்ல ஜோதி, நாலு மாசமா உன்கூட ஒழுங்காப் பேசவே இல்லைன்னு கூடச் சொன்னேன் சார். சத்தியமாச் சொன்னேன். பாலாறு பாலம் வந்துச்சு. ஐம்பது மைல். இப்பப் பாருன்னு ரெண்டு கையையும் விட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா எண்ணறேன். வண்டி நூல் பிடிச்ச மாதிரிப் போகுது. பத்து வந்ததும் அவ மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு திரும்பினேன்.

சீட்டுல அவ குடை இருந்துச்சு.

பதினோரு மைல் சார். பதினோரு மைலா அவ இல்ல. முன்னாடியா இருந்தா, அவ எறங்கின எடத்துலேருந்து அரை மைல் தாண்டறதுக்குள்ள வண்டி வலது பக்கம் போய்ச் சொல்லியிருக்கும்.

திருப்பிக்கிட்டு ஓடி வந்தேன். நுங்குக்காரன், அம்மா அப்பவே பஸ் ஏறிட்டாங்களேன்னான். எதிர்ல போன பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்து, நான் தேடிக்கிட்டுத் திரும்பிப் பறக்கறதைப் பாத்திருக்கா. மதுராந்தகம் போய்ச் சேந்தா, மச்சான் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா. கையில நுங்கு. திட்டலை, அழலை. வண்டி நல்லாயிடுச்சுங்க, இனிமே பயமில்லைன்னா. அவ்ளோதான். சாயங்காலம் கிளம்பறப்போ, நீங்க போங்க, தனியாவே போலாமேன்னு உள்ள போயிட்டா. மொத வாரம் சும்மா அண்ணன் வீட்டுல இருக்கான்னுதான் நானும் நெனச்சேன். அப்புறம் ரெண்டு வாரம் ஆச்சு. நேத்துதான் திருச்சின்னு ட்ரங்க் கால்.

மணி பதினொண்ணே கால் ஆச்சா?

சரி சார். மூட்டையை எறக்கிக்கங்க. ஊசி குத்தினாலும் குத்திக்கங்க அண்ணே, பரவால்ல. அந்த ஸ்கார்ஃபையும் கண்ணாடியையும் மட்டும் இப்படிக் கழட்டிக் கொடுங்க. சாவி வண்டியிலயே இருக்கு, ஓரமா நிறுத்திக்கங்க, ஓட்டாதீங்க, தள்ளுங்க. மேலதிகாரி வந்து என்ன எழுதணுமோ எழுதட்டும். அதோ மதுராந்தகம் பஸ் வருது, கொஞ்சம் கை காட்டுங்க. நான் பஸ்ஸுல போறேன்.